லேக் எங்கே விழுகிறது

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு முறைப்படி மாற வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் சிப்பும் டிபிஎம் 2.0வும் வேண்டும். ஆக, அதற்கு முந்திய தலைமுறைகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காலாவதியாகிவிட்டன. புதுச்சேரியில் இந்தச் செய்திக்குத் தனி எடை உண்டு. காலாப்பட்டிலிருந்து மதகடிப்பட்டு வரை கல்லூரிகள் நிறைந்த வட்டாரம் இது. மாணவர் கையில் இருக்கும் மடிக்கணினிகளில் பலவும் அண்ணனோ அக்காவோ படித்து முடித்துக் கைமாற்றியவை, இல்லையென்றால் ஏதோ ஒரு நிறுவனம் கழித்துக்கட்டிச் சென்னை ரிச்சி தெருவுக்கு வந்து சேர்ந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரத்திலும் கடலூரிலும், தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மிச்சங்கள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே வந்தது என்பதை இன்று நினைவில் வைத்திருப்பவர் குறைவு. கட்டற்ற மென்பொருள் பேச இந்தப் பகுதியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரியில் அதற்கென்று ஓர் இயக்கம் இருக்கிறது, விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. இப்போது சர்வீஸ் கடைக்காரர்கூட அதே அறிவுரையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்: பழைய மெஷினா, லினக்ஸ் போட்டுடுங்க, பறக்கும்.

பறக்கத்தான் செய்கிறது. உலாவி திறக்கிறது, பாடக் கோப்பு திறக்கிறது, படம் ஓடுகிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆட்டத்தைத் திறக்கும்போதுதான் புகார் வருகிறது: லேக் ஆகுது, சிக்கிச் சிக்கி ஓடுது. இதற்கு எல்லோரிடமும் ஒரே விளக்கம் தயாராக இருக்கிறது. விண்டோஸுக்கு எழுதியதை லினக்ஸில் ஓட்டுகிறோம், நடுவே ஓர் அடுக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மாற்றிக் கொடுக்கிறது, மாற்றுவதற்கு நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இருக்கும் சான்றுகள் அந்தப் பக்கம் போகவில்லை. நடு அடுக்கின் வேலைக்கு ஒரு செலவு உண்டு, அது சிறியது. பெரிய செலவு இரண்டு அமைப்புகளின் அனுமானங்கள் ஒத்துப்போகாத சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே விழுகிறது. அந்த இடங்களைச் சரிசெய்ய எடுத்த முயற்சிகளின் பலன் புதிய கணினிகளுக்குக் கிடைத்த அளவு பழையவற்றுக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கணினிக்கு லினக்ஸ் போடு என்று சொல்கிறோமோ, ஆட்டம் மோசமாக ஓடுவது அந்தக் கணினியில்தான். நான் சொல்ல வருவது இந்த முரணைப் பற்றி.

முதலில் அடுக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். ஒயின் 1993இல் தொடங்கிய திட்டம், 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதைப் பொறுப்பேற்று நடத்திவருகிறார். 1.0 பதிப்பு வர 2008 ஆகிவிட்டது. ஒயின் ஒரு போலிக் கணினியை உருவாக்கி அதற்குள் விண்டோஸை ஓட்டுவதில்லை. ஆட்டத்தின் இயந்திரக் கட்டளைகள் சிப்பில் நேராகவே ஓடுகின்றன. ஆட்டம் விண்டோஸிடம் ஏதாவது கேட்கும்போது, கோப்பைத் திற, நினைவகம் கொடு, சாளரம் வரை என்னும்போது மட்டுமே ஒயின் குறுக்கே வந்து அதே வேலையை லினக்ஸ் வழியில் செய்து கொடுக்கிறது. ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்களை நிரப்பிய கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 இதற்கு நல்ல சாட்சி. அந்த ஆட்டத்துக்கு ஓபன்ஜிஎல் வழியாக வரையும் முறை ஆதியிலிருந்தே உண்டு. ஓபன்ஜிஎல் லினக்ஸிலும் இருப்பதால் வரைகலையில் மாற்ற வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை. அதன் விண்டோஸ் பதிப்பு ஒயினில் பழைய கணினியிலும் தடையில்லாமல் ஓடியது. (ஸ்டீம் என்ற ஆட்டக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013இல் அதற்கு லினக்ஸ் பதிப்பே கொடுத்துவிட்டது, அது வேறு.) நடு அடுக்கு இருப்பதே மெதுவாவதற்குக் காரணம் என்றால் இந்த ஆட்டமும் மெதுவாகியிருக்க வேண்டும்.

சிக்கல் தொடங்கும் இடம் டைரக்ட்3டி. விண்டோஸ் ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை திரையில் வரைய மைக்ரோசாப்டின் இந்த வழியையே நம்புகின்றன. ஒயின் நெடுங்காலம் அதை ஓபன்ஜிஎல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கிராபிக்ஸ் அட்டையைத்தான் இயக்குகின்றன, ஆனால் அட்டையின் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் விதமும், பல திரெட்டுகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதமும் வேறு. அந்த வேறுபாட்டை ஒவ்வொரு ஃபிரேமிலும் ஈடுகட்ட வேண்டியிருந்தது. டைரக்ட்3டி 11இல் எழுதிய ஆட்டங்கள் இந்த வழியில் தவழ்ந்தன. 2016இல் வல்கன் வந்தது. அது வன்பொருளுக்கு மிக நெருக்கமானது, அதனால் அதன் மேல் எதையும் கட்டலாம். ஜெர்மானிய நிரலாளர் பிலிப் ரெபோலே, நியர்: ஆட்டோமேட்டா என்ற ஆட்டத்தை லினக்ஸில் ஆட வேண்டும் என்ற ஆசையில் டைரக்ட்3டியை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகேயை எழுதத் தொடங்கினார். ஒருவருடைய விளையாட்டு ஆசையில் பிறந்த அந்த நிரலை, ஒயினை அடிப்படையாகக் கொண்டு 2018 ஆகஸ்ட்டில் வால்வ் வெளியிட்ட புரோட்டான் தன் மையத்தில் வைத்துக்கொண்டது. அதன் பிறகு நல்ல டிரைவர் உள்ள அட்டைகளில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையிலான வேகவித்தியாசம் பல ஆட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் வந்த எல்டன் ரிங் விண்டோஸிலேயே விக்கி விக்கி ஓடியது. அந்த ஆட்டம் நினைவகம் கேட்கும் விதத்தை நடு அடுக்கில் வைத்தே சமாளித்து, லினக்ஸில் ஓடும் தன் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் அதை மேலும் சீராக ஓட்டிக் காட்டியது வால்வ். குறுக்கே நிற்பதாகச் சொல்லப்படும் அடுக்கே மூல அமைப்பின் குறையைச் சரிசெய்திருக்கிறது. பொதுவான வேகச் செலவு என்று ஒன்று இருந்தால் இப்படி நடக்க வழியில்லை.

அப்படியானால் சிக்கிச் சிக்கி ஓடுவது ஏன்? இங்கே அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவினாடி. அது 54ஆகக் குறைந்தால் 18.5 மில்லிவினாடி. இதைக் கண்டுபிடிக்கும் கண் அரிது. மாறாக, பத்து வினாடிக்கு ஒரு முறை திரை 200 மில்லிவினாடி உறைந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 58.9தான் வரும், காகிதத்தில் முந்தையதைவிடச் சிறப்பு. ஆடுகிறவருக்கோ அதுதான் தாங்காது. இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பாதி சராசரியோடு நின்றுவிடுவதால், அங்கே நன்றாக ஓடுகிறது என்று படித்தவர் தன் கணினியில் வேறொன்றைப் பார்க்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்த உறைவுகளில் பெரும்பகுதி ஷேடர் தொகுப்பில் பிறக்கிறது. நெருப்பு, தண்ணீர், நிழல் ஒவ்வொன்றையும் வரைய அட்டைக்குள் ஓடும் சிறு நிரல்தான் ஷேடர். ஆட்டத்தோடு அது இடைநிலை வடிவத்தில் வருகிறது. டிஎக்ஸ்விகே அதை வல்கன் ஏற்கும் வடிவுக்கு மாற்ற, டிரைவர் அதை அட்டையின் சொந்தக் கட்டளைகளாகத் தொகுக்கிறது. டைரக்ட்3டி 11இல் எந்த ஷேடர் எந்த அமைப்போடு சேரும் என்பது வரையும் கணத்தில்தான் முடிவாகும். வல்கனோ எல்லாவற்றையும் முன்கூட்டியே மொத்தமாகச் சொல் என்கிறது. ஆகவே முதல் குண்டு வெடிக்கும்போதுதான் வெடிப்புக்கான தொகுப்பு தொடங்குகிறது, திரை நிற்கிறது. இரண்டாம் குண்டுக்கு நிற்பதில்லை. 2022இல் வல்கனில் சேர்ந்த ஒரு நீட்டிப்பு, ஷேடர்களைத் துண்டு துண்டாக முன்பே தொகுத்து வைக்க வழிவிட்டது, அதே ஆண்டு நவம்பரில் டிஎக்ஸ்விகே 2.0 அதைப் பயன்படுத்திக்கொண்டது. ஸ்டீம் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது: மற்றவர் கணினிகளில் சேர்ந்த ஷேடர்களை முன்கூட்டியே இறக்கித் தருகிறது. எட்டுக் கோரும் எஸ்எஸ்டியும் உள்ளவருக்கு இவையெல்லாம் விடுதலை. இரண்டு கோரும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ளவருக்கு ஆட்டம் தொடங்குமுன் வல்கன் ஷேடர்களைத் தயார்செய்கிறோம் என்ற பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும், மொபைல் டேட்டாவைப் பகிர்ந்து ஆடுகிறவராக இருந்தால் அன்றைய டேட்டாவும் அதோடு போகும்.

அனுமானங்கள் மோதும் இன்னோர் இடம் திரெட்டுகளின் காத்திருப்பு. விண்டோஸில் ஒரு திரெட், பல நிகழ்வுகளில் ஏதாவது ஒன்று நடக்கும்வரையோ எல்லாமே நடக்கும்வரையோ காத்திருக்கலாம், நடந்ததும் அவற்றை ஒரே கணத்தில் கைப்பற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் கர்னலில் இதற்கு நேர் நிகர் அப்போது இல்லை. எனவே ஒயின், ஒயின்சர்வர் என்ற ஒரு தனி நிரலை நடுவராக வைத்தது. ஒவ்வொரு காத்திருப்பும் அதனிடம் போய்த் திரும்ப வேண்டும். ஆட்டங்கள் ஒன்றிரண்டு திரெட்டோடு இருந்தவரை பரவாயில்லை. பத்துப் பதினைந்து திரெட்டுகள் ஓயாமல் தட்டத் தொடங்கியதும் வரிசை நீண்டது. 2018இல் ஈசிங்க், அடுத்த ஆண்டு எஃப்சிங்க் என்று குறுக்குவழிகள் வந்தன. வேகம் கிடைத்தது, ஆனால் நடத்தை அச்சு அசலாக விண்டோஸைப் போல இல்லை என்பதால் ஒயினின் மூலக்கிளை அவற்றை ஏற்கவில்லை. கடைசியில் 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14, விண்டோஸின் அந்தக் காத்திருப்பு முறையை என்டிசிங்க் என்ற பெயரில் கர்னலுக்குள்ளேயே எடுத்துக்கொண்டது. மேலே நின்று மாற்றிக்கொண்டிருப்பதை விட்டு, வந்தவருக்காக வீட்டு விதியிலேயே ஓர் இடம் ஒதுக்கியது.

புதுச்சேரிக்காரருக்கு இது புதிய ஏற்பாடு அல்ல. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி, தம் சொந்த வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள், பொன்னுத்தம்பிப் பிள்ளை அவர்களில் பேர்பெற்றவர். 1954இல் ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறி, 1962இல் சட்டப்படி இணைந்த பிறகு, இவர்களுடைய திருமணமும் வாரிசுரிமையும் எந்தச் சட்டத்தில் வரும் என்ற கேள்வி எழுந்தது. ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி இரண்டு சட்டங்களையும் ஒப்பிட்டு ஈடுகட்டட்டும் என்று விட்டிருக்கலாம். அப்படி விடவில்லை. 1963ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, இந்து திருமணச் சட்டத்திலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் 2(2ஏ) என்று ஓர் உட்பிரிவைச் செருகி, இந்தச் சட்டம் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று எழுதிவிட்டது. என்டிசிங்க் செய்திருப்பதும் அதுவே. ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். சட்டத்தில் உட்பிரிவு சேர்ந்த நாளில் ஏழை ரெனோன்சானுக்கும் பணக்கார ரெனோன்சானுக்கும் அது ஒன்றாகவே பொருந்தியது. கர்னலில் சேர்ந்தது புதிய கர்னல் வைத்திருப்பவருக்கு மட்டும்.

இனி அந்தப் பழைய மடிக்கணினிக்கே வருவோம். 2011 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப்புகளின் கிராபிக்ஸுக்கு வல்கன் அறவே இல்லை. மூன்றாம் தலைமுறைக்கும் 2013இல் வந்த நான்காம் தலைமுறைக்கும், அதாவது ஹாஸ்வெல்லுக்கும், ஒரு வல்கன் டிரைவர் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தை டெர்மினலிலிருந்து தொடங்கிப் பார்த்தால் முதலில் வருவதே லினக்ஸின் திறந்த கிராபிக்ஸ் டிரைவர்த் தொகுப்பான மேசாவின் எச்சரிக்கைதான்: ஹாஸ்வெல்லுக்கான வல்கன் ஆதரவு முழுமையடையவில்லை. பழைய ஐ5 மடிக்கணினி வாங்கப் போகிறவர் கையில் அடிக்கடி சிக்குவது இந்தத் தலைமுறை. டிஎக்ஸ்விகே 2.0 வல்கன் 1.3 இல்லாமல் இயங்காது. 2023இல் வந்த புரோட்டான் 8 அந்த டிஎக்ஸ்விகே வரிசையையே எடுத்துக்கொண்டது. விளைவு, இந்த மெஷின்களில் ஆட்டம் தொடங்குவதே இல்லை. தெரிந்தவர் யாராவது பழைய ஓபன்ஜிஎல் வழிக்கு மாற்றிக் கொடுப்பார், ஆட்டம் தொடங்கும், தவழும். அதே மெஷினில் விண்டோஸ் இருந்தபோது டைரக்ட்3டி 11 ஆட்டம், அந்தச் சிப்பின் சக்திக்கேற்ற வேகத்தில் ஓடியது, ஏனென்றால் அந்த டிரைவரை இன்டெல் முடித்துக் கொடுத்திருந்தது. மேசைக் கணினிக்காரரின் கதையும் இதேதான். 2016இல் கடைக்கு வந்த என்விடியா ஜிடி 710, மலிவாக ஒரு கிராபிக்ஸ் அட்டை வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கடைகளில் எடுத்துக் கொடுக்கப்பட்டது. அதன் உள்ளே இருப்பது கெப்ளர் என்ற பழைய வடிவமைப்பு. அதற்கான லினக்ஸ் டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது, அந்த வரிசை வல்கன் 1.2ஐத் தாண்டாது. ஆக நடு அடுக்கின் புதிய பதிப்பு ஒவ்வொன்றும் இந்த அட்டையை விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

மேசா திட்டத்துக்குள் காலியம் நைன் என்று ஒன்று இருந்தது. டைரக்ட்3டி 9ஐ வேறெதுவாகவும் மாற்றாமல் டிரைவருக்குள் நேராகவே செயல்படுத்தியது அது. ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ் காலத்து ஆட்டங்களுக்கும், வல்கன் தெரியாத பழைய சிப்புகளுக்கும் அதைவிடப் பொருத்தமான வழி இருந்ததில்லை. பயன்படுத்துவோரும் பராமரிப்போரும் குறைந்துவிட்டார்கள் என்று 2025இல் அதை நீக்கிவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. ரெபோலே வல்கன் 1.3 வேண்டும் என்றது நிரலை எளிதாக்க, பிழைகளைக் குறைக்க. மேசாக்காரர்கள் யாரும் தொடாத பகுதியைச் சுமக்க மறுத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான முடிவுகள். சேர்த்துப் பார்த்தால், வேகத்துக்கான ஒவ்வொரு முன்னேற்றத்தின் செலவும் ஒரே வகை மெஷின்மீது விழுந்திருக்கிறது. அந்த மெஷின்காரர்கள் யாருடைய கணக்கிலும் தெரிவதுமில்லை. லினக்ஸில் யார் எந்த அட்டையில் ஆடுகிறார்கள் என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் எண்கள் ஸ்டீம் தன் பயனர்களிடம் எடுக்கும் கணக்கெடுப்பிலிருந்து வருபவை. பென் டிரைவில் நண்பனிடமிருந்து ஏற்றிய ஜிடிஏயை ஆடுகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

அடுக்கின்மேல் பழி போடுமுன் விலக்க வேண்டிய வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. டிஎக்ஸ்விகேயில் ஒரு சிறு வசதி, திரையின் மூலையில் அட்டையின் பெயரையும் டிரைவர் பதிப்பையும் காட்டும். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவரே இல்லை, சிபியூ தனியாளாக வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு அட்டை உள்ள மடிக்கணினியில் என்விடியா தூங்க இன்டெல் உழைக்கலாம். விண்டோஸின் டி டிரைவிலேயே, என்டிஎஃப்எஸ்ஸிலேயே, ஆட்டங்களை விட்டுவைத்து அங்கிருந்து ஓட்டுபவருக்கு வேறு தொல்லைகள். இவை அமைப்பின் கோளாறுகள், சரிசெய்தால் சரியாகிவிடும். வாலரன்ட் போன்றவை அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் லினக்ஸில் ஓடவே ஓடாது. அது வேகத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் முதலாவது, ஆட்டத்தை லினக்ஸுக்கென்றே எழுதச் சொன்னால் போயிற்று என்பது. சொல்லிப் பார்த்தாகிவிட்டது. எழுதியவர்களில் பலர் ஒரு முறை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. நூலகங்கள் மாறமாற அந்தப் பதிப்புகள் துருப்பிடித்தன, அதே ஆட்டத்தின் விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டுவது மேல் என்றானது. இரண்டாவது மறுப்பு கனமானது: மூடிய ஆட்டங்களை ஓட்டித்தர உழைப்பது கட்டற்ற மென்பொருளின் வேலையா? ரிச்சர்ட் ஸ்டால்மன் 2012இல், ஸ்டீம் லினக்ஸுக்கு வரவிருந்தபோது இதைப் பற்றி எழுதினார். விண்டோஸை விட்டு ஆட்கள் வருவதால் விளையும் நேரடி நன்மை, நேரடித் தீமையைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அந்த ஆட்டங்கள் மக்களுக்கு எதைக் கற்பிக்கும் என்பதுதான் அவருக்குக் கவலை. அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனால் மோசமாக ஓடும் ஆட்டம் கற்பிப்பது சுதந்திரத்தின் அருமையை அல்ல, லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்பதை. அதைக் கற்ற மாணவர் ஒரு வாரத்தில் விண்டோஸுக்குத் திரும்பிவிடுவார், அதுவும் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன திருட்டு விண்டோஸுக்கு.

விளையாட்டுக்கு இத்தனை பேச்சு எதற்கு என்பாரும் உண்டு. விடுதி அறையில் கணினி பாதி நேரம் படிப்புக்கும் மீதி நேரம் ஆட்டத்துக்கும்தான் திறக்கப்படுகிறது. மீதி நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் தரும் அறிவுரை பாதி அறிவுரை.

ஆகவே லினக்ஸ் நிறுவிக் கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது ரேம் எத்தனை ஜிபி என்று அல்ல, கிராபிக்ஸ் எந்தத் தலைமுறை என்று. ஆறாம் ஏழாம் தலைமுறை இன்டெல்லுக்கு வல்கன் 1.3 முழுமையாக இருக்கிறது. அங்கே தைரியமாகப் புரோட்டானைப் பரிந்துரைக்கலாம், சிப்பின் சக்திக்கு மீறி எதிர்பார்க்காதவரை. கெப்ளர் அட்டைக்கு டிஎக்ஸ்விகே 1.10.3 போதும். அதற்கு வல்கன் 1.1 இருந்தாலே ஓடும், புரோட்டான் 7 இன்றும் ஸ்டீமில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கிறது. ஹாஸ்வெல்லில் அதையே போட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்லக் கூடாது. இரண்டாம் தலைமுறைக்காரரிடம், டைரக்ட்3டி 9 வரையிலான சில ஆட்டங்கள் ஓபன்ஜிஎல் வழியில் ஓடும், மற்றவை ஓடாது என்று நிறுவும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். 1.10.3 வந்தது 2022 ஆகஸ்ட்டில், அந்தப் பழைய கிளையில் மூலத் திட்டம் இப்போது வேலை செய்வதில்லை. அதன் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. ஆண்டுதோறும் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் கல்லூரிகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன, அந்த நிரலைச் சோதித்துப் பார்க்கத் தேவையான பழைய மெஷின்களும் இங்கேயேதான் இருக்கின்றன.